எச்சில் கரிக்குதா?

அளக்கரையில் ஒரு வைத்தியர் இருந்தார். அறுபத்தொன்றாம் வயதில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். குருவுக்கு வயது நாற்பது.

ஊர் சும்மா இருக்குமா? "பேரனைப் பள்ளிக்கூடத்துல விட வேண்டிய வயசுல இவரே சிலேட்டைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாரு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். வைத்தியர் வைரவநாதன் காதில் விழாமல் இல்லை. சிரிக்கிற வாய்க்கு வரியா போட முடியும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

மூன்று தலைமுறையாக நாடி பார்க்கிற குடும்பம் அவருடையது. அவருடைய அப்பா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார், கண்ணிமையைப் புரட்டிப் பார்ப்பார். மகன் அதையெல்லாம் விட்டுவிட்டார். மூன்று விரலும் ஒரு மணிக்கட்டும் இருந்தால் போதும் என்பது இவர் கட்சி.

குரு ஆவுடைச்செல்வி இங்கிலீஷ் மருந்து டாக்டர். கடைத்தெரு முனையில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அவரோடு சண்டை போடத்தான் வைரவநாதன் முதலில் போனார்.

"என் லேகியத்தை நிறுத்தச் சொன்னீங்களாமே, எதுக்கு?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "அதுல என்னென்ன இருக்கு, ஒவ்வொண்ணும் உள்ள போய் என்ன செய்யுது, சொல்லுங்க அண்ணாச்சி. கேட்டுக்கிடுதேன்" என்றார்.

முதல் பாதிக்கு வைரவநாதன் கடகடவென்று பதில் சொன்னார். இரண்டாம் பாதிக்கு வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் தெரியணும்" என்றார். அப்படித்தான் சிஷ்யர் ஆனார்.

குரு ஒரே ஒரு சட்டம் போட்டார். தினம் காலை ஏழரை மணிக்கு வரவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி. இரண்டாவது கேள்வி வந்தால் அது நாளைக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கொண்டுவந்த கேள்வி இது.

"கண்ணீர் கரிக்குது. வேர்வை கரிக்குது. வெட்டுப்பட்ட விரலை வாயில வச்சா ரத்தமும் கரிக்குது. எச்சில் மட்டும் ஏன்மா கரிக்கல?"

அளக்கரை உப்பளத்து ஊர். அங்கே காற்று கரிக்கும், கிணறு கரிக்கும், சுவரைச் சுரண்டி நாக்கில் வைத்தால் அதுவும் கரிக்கும். அந்த ஊரில் அறுபது வருஷம் எச்சில் விழுங்கியவருக்கு இந்தச் சந்தேகம் முந்தின நாள்தான் வந்தது. நெற்றி வேர்வை மீசை வழியாக உதட்டில் இறங்கியபோது வந்தது. வந்தது முதல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

குருவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அடேயப்பா, நல்ல கேள்வி! ஒரு வேலை செய்யுங்க. இன்னைக்கு உங்ககிட்ட வைத்தியத்துக்கு வாரவங்கள்ல பத்துப் பேர்கிட்ட 'உன் எச்சில் எப்படி இருக்கு'ன்னு கேட்டுட்டு வாங்க."

வைரவநாதன் முகம் சுளித்தார்.

எச்சில் என்கிற சொல்லே அவருக்கு ஆகாது. தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பார். டம்ளர் விளிம்பு தப்பித்தவறி உதட்டில் பட்டுவிட்டால் புளி போட்டு விளக்கி வெயிலில் காயவைக்கச் சொல்வார். தபால் தலையைக்கூட ஈரத்துணியில் ஒற்றித்தான் ஒட்டுவார். அவரிடம் போய் இப்படி ஒரு வேலை!

"அதைப் போய் ஒரு மனுஷன்கிட்ட எப்படிம்மா கேக்க?"

"வெளிக்குப் போறது, மூத்திரம் போறது எல்லாம் கேக்கீங்கள்ல?"

"அது வைத்தியம். இது எச்சில்."

"பத்துப் பேரு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு குரு எழுந்து போய்விட்டார்.

அன்று வைத்தியரிடம் பதினான்கு பேர் வந்தார்கள். நாலாவது ஆளாக வந்தவள் பூமயில்.

பூமயில் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். முப்பத்திரண்டு வயது. செத்துப்போன காசியின் மகள். காசியும் வைரவநாதனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். அவளுக்குப் பேர் வைத்ததே இவர்தான். அவள் பாதி நாள் வளர்ந்ததும் இவர் வீட்டில்தான். இவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

வந்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"என்னட்டீ திங்க?"

"உப்பு பெரியப்பா. ஆறு மாசமா இது இல்லாம இருக்க முடியல. சோறு எறங்க மாட்டேங்குது. எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டுது. ரெண்டு நாளா வாந்தி வேற."

"ஓடாத் தேஞ்சிருக்க. கறுத்தும் போயிட்ட."

"அளத்து வெயிலு யாரைத்தான் விட்டு வச்சிருக்கு? கறுக்காத ஆளு ஒண்ணைக் காட்டுங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்புறம் பெரியப்பா, இந்த வாயெல்லாம் ஒரு மாதிரியா..."

"வாய் புளிச்சுதோ மாங்கா புளிச்சுதோன்னு எதையாவது சொல்லாத. கையைக் குடு. நாடி சொல்லும்."

அவள் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். நாடி நூல் மாதிரி ஓடியது. அந்த நேரத்தில் குரு கொடுத்த கேள்வி அவருக்கு ஞாபகம் வராமல் இல்லை. தொண்டை வரை வந்தது. பேர் வைத்த பிள்ளையிடம் எச்சிலைப் பற்றியா கேட்பது என்று விழுங்கிவிட்டார்.

"உப்புத் தின்னவன் தண்ணி குடிக்கணும்னு சும்மாவா சொன்னான்? நீ உப்பைத் திங்கல. உப்புத்தான் உன்னைத் திங்குது. இருபத்தொரு நாள் பத்தியம். ஒரு கல்லு உப்பு உள்ள போகக் கூடாது. கஞ்சியிலயும் கூடாது."

அவள் முகம் செத்துவிட்டது. "ஒரு கல்லுகூடவா?"

"உங்கப்பன் மேல சத்தியம் பண்ணு."

பூமயில் சத்தியம் பண்ணினாள். முந்தானை முடிச்சில் இருந்ததை வாசலில் உதறிவிட்டுப் போனாள். அவள் சொன்ன சொல் தவறாதவள். வினையே அதில்தான் வந்தது.

மீதிப் பத்துப் பேரும் வந்தார்கள், மணிக்கட்டை நீட்டினார்கள், சூரணம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தரிடமும் அவர் எச்சிலைப் பற்றி மூச்சு விடவில்லை.

புதன்கிழமை காலை ஏழரை மணி.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"பத்துப் பேர்கிட்டயுமா?"

"பத்துப் பேர்கிட்டயும். எல்லாருக்கும் சப்புன்னுதான் இருக்காம்."

குரு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து போய் ஒரு கிண்ணம் கல் உப்பு கொண்டுவந்து, அதை வைரவநாதனின் இரண்டு உள்ளங்கையும் கொள்கிற அளவுக்குக் கொட்டினார்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலிலிருந்து முன்வாசல் வரை நீளமாக ஒரு நடை உண்டு. இரண்டு பக்கமும் பெஞ்சு. டோக்கன் வாங்கியவர்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். குரு அவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி இந்தப் பக்கமா வருவாரு. ஆளுக்கு அஞ்சாறு கல்லு உப்பு எடுத்துக்கோங்க. விடாதீங்க."

"எதுக்கு டாக்டரம்மா? திருஷ்டி சுத்தவா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"எடுங்க தாத்தா, சொல்லுதேன்."

வைரவநாதனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் நடந்தார். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. ஒரு பெண் இரண்டு தடவை எடுத்தாள். முன்வாசலுக்கு வந்து சேர்ந்தபோது உள்ளங்கையில் நாலே நாலு கல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பின்வாசல்ல எவ்வளவு உப்பு இருந்துச்சு?"

"கை கொள்ளாம இருந்துச்சு."

"எச்சிலும் அப்படித்தான். கன்னத்துல, தாடைக்கு அடியில, நாக்குக்கு அடியிலன்னு சுரப்பி இருக்கு. அதுல ஊறும்போது ரத்தத்துல இருக்கிற அளவுக்கு உப்பு இருக்கும். ஊறினது வாய்க்கு வரணும்னா ஒரு குழாய் வழியா வரணும். அந்தக் குழாய்ச் சுவர்ல இருக்கிறவங்க உப்பை எடுத்து உடம்புக்கே திருப்பிக் குடுத்திருதாங்க. வாய்க்கு வரும்போது சப்புன்னு ஆயிருது."

வைரவநாதன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிண்ணத்தை எடுத்து மறுபடி கை நிறையக் கொட்டிக்கொண்டார். இந்தத் தடவை பின்வாசலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பாதிப் பேருக்குக் கை எட்டவில்லை. "மெதுவா வாருமய்யா!" என்று கிழவர் கத்தினார். வாசலில் வந்து பார்த்தால் பாதி உப்பு கையிலேயே இருந்தது.

"அப்போ எச்சில் வேகமா ஊறினா..."

"கொஞ்சம் கரிக்கும். நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க" என்றார் குரு. அவருக்கும் சந்தோஷம்தான்.

"இவங்க எடுத்தது நீங்க சொன்னதால. குழாய்ச் சுவர்ல இருக்கிறவங்க யார் சொல்லி எடுக்காங்க?"

"அது ரெண்டாவது கேள்வி. நாளைக்கு."

வியாழக்கிழமை அவர் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். வழியில் ஓடைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பூமயில் உட்கார்ந்திருந்தாள். அளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்னட்டீ, இங்க உக்காந்துட்ட?"

"கிறக்கமா வருது பெரியப்பா. கால் எடுத்து வைக்க முடியல."

"பத்தியம் வேலை செய்யுது. அப்படித்தான் இருக்கும். உப்புத் தொடலையே?"

"தொடல பெரியப்பா."

"அப்படி இரு. சோத்துல உப்புப் போட்டுத் திங்கிறவதானே, ரோஷமா இருந்து முடிச்சுரு" என்றார். சொன்ன பிறகுதான் வாய் தவறிப்போனது அவருக்கே தெரிந்தது. பூமயில் லேசாகச் சிரித்தாள். அவர் நிற்கவில்லை. கேள்வி அவரை இழுத்துக்கொண்டு போனது.

குரு அன்று உப்பும் எடுக்கவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. வைரவநாதனைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகில் விலாவின் கீழ் ஓரத்தில் இரண்டு பக்கமும் விரலை வைத்தார்.

"இங்க ரெண்டு கிட்னி. ஒவ்வொண்ணுக்கு மேலயும் தொப்பி வச்ச மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. உடம்புல உப்பு கொறைஞ்சா அதுல இருந்து ஒரு சரக்கு ரத்தத்துல கலக்கும். ஹார்மோன்னு சொல்லுதோம்லா, அதுல ஒண்ணு. அது குழாய்ச் சுவருக்குப் போய், 'உப்பை விடாத, எடு'ன்னு சொல்லும்."

"இடுப்புல இருந்து கன்னத்துக்கா உத்தரவு போகுது!"

"கன்னத்துக்கு மட்டும் இல்ல. வேர்வைக்கும் அதே உத்தரவுதான். மூத்திரத்துக்கும் அதேதான். உப்பு வெளியே போற வாசல் எல்லாத்துக்கும் போகும்."

வைரவநாதன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று தலைமுறை நாடி பிடித்த குடும்பம், இப்படி ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருப்பது ஒருத்தருக்கும் தெரியவில்லையே என்று இருந்தது. இன்னொரு பக்கம் சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கவும் தோன்றியது.

"சரிம்மா. அந்தத் தொப்பி கெட்டுப்போச்சுன்னு வையுங்க. உத்தரவே வரல. அப்போ என்ன ஆகும்?"

"நாளைக்கு."

"அம்மா, இந்த ஒண்ணு மட்டும்..."

"சட்டம் சட்டம்தான் அண்ணாச்சி."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை அவரை எழுப்பியது கேள்வி இல்லை, பூமயிலின் புருஷன் சுடலைமணி. ஆறு மணிக்குக் கதவைத் தட்டினான். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.

"பெரியப்பா, அவ எந்திரிக்க மாட்டேங்கா. விடிய விடிய வாந்தி. பேச்சு கொழறுது. வாங்க பெரியப்பா!"

வைரவநாதன் செருப்புப் போடாமல் ஓடினார்.

பாயில் பூமயில் துணி சுருட்டிப் போட்ட மாதிரி கிடந்தாள். மணிக்கட்டில் விரல் வைத்தார். நாடி கிடைக்கவில்லை. விரலை மாற்றி வைத்தார். அப்போதும் கிடைக்கவில்லை. முழங்கை மடிப்பில் வைத்தபோது எங்கோ ஆழத்தில் ஒன்று தட்டி நின்றது. மூன்று தலைமுறை வித்தை கையில் இருந்தது. அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்குப் பயம் வந்தது.

வேறு வழி இல்லாமல்தான் அவர் அதைக் கேட்டார்.

"பூமயிலு, ஏ பூமயிலு, இங்க பாரு. உன் எச்சில் எப்படிம்மா இருக்கு?"

அவள் கண்ணைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"கரிக்குது பெரியப்பா."

"என்ன?"

"கரிக்குது. நான் உப்புத் தொடல. அப்பா மேல சத்தியமாத் தொடல. ஆனா வாய் கரிக்குது. சொன்னா திருட்டுத்தனமா உப்புத் தின்னுட்டேன்னு நெனப்பீகன்னுதான் சொல்லல."

வைரவநாதனுக்கு அந்த நீள நடை கண் முன்னால் வந்தது. இரண்டு பக்கமும் பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எடுங்கள் என்று சொல்ல யாரும் இல்லை. கை நிறைய உப்பு அப்படியே வாசலுக்கு வந்து சேர்கிறது. எல்லா வாசலுக்கும் வந்து சேர்கிறது. மூன்று நாளாக இந்தப் பிள்ளையின் உடம்பிலிருந்து உப்பு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே போகிற வழியை இவர் அடைத்து வைத்திருக்கிறார்.

"ஐயோ" என்றார்.

அவள் உதட்டைத் தன் விரலால் விலக்கிப் பார்த்தார். ஈறெல்லாம் மைக்கறுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. உள்ளங்கையை விரித்தார். ரேகை ஒவ்வொன்றும் மையால் வரைந்த மாதிரி இருந்தது. அளத்து வெயில் முதுகைக் கறுக்கும், முகத்தைக் கறுக்கும். ஈறுக்குள் எந்த வெயில் புகும்?

"கஞ்சித் தண்ணி இருக்கா? உப்பு எங்க? உப்பு!" என்று கத்தினார்.

சுடலைமணி விழித்தான். "பத்தியம்லா பெரியப்பா?"

"பத்தியத்தைத் தூக்கி ஓடையில போடு! உப்பைக் கொண்டா!"

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, டம்ளரை உதட்டோடு வைத்து, ஒவ்வொரு வாயாகக் குடிக்க வைத்தார். அந்த நிலையிலும் அவள் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடிக்கப் பார்த்தாள். அவர் வீட்டில் வளர்ந்த பழக்கம். "வாய் வச்சுக் குடி தாயி, வாய் வச்சுக் குடி" என்றார். பாதி உள்ளே போனது, பாதி வழிந்து அவர் கையெல்லாம் ஆனது.

ஆட்டோவில் போகும்போது அவள் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நான் சத்தியத்தை மீறல பெரியப்பா."

"நீ மீறலம்மா. தப்பு என்னோடது" என்றார். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். ஊருக்கே தெரியட்டும் என்று இருந்தது அவருக்கு.

ஆவுடைச்செல்வி பெஞ்சில் இருந்தவர்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், ஈறைப் பார்த்தார். ஒரு கையில் உப்பு நீர் ஏறியது, இன்னொரு கையில் ஊசி இறங்கியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. எல்லாம் பத்து நிமிஷம்.

"எச்சில் கரிக்குதுங்கா" என்றார் வைரவநாதன்.

குரு ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "கேட்டுட்டீங்களா" என்றார். அவ்வளவுதான். ஆம்புலன்ஸில் குருவும் ஏறிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பூமயில் பதினோரு நாள் இருந்தாள். அந்தத் தொப்பிச் சுரப்பி இரண்டும் வேலையை நிறுத்தி மாதக்கணக்காகிறது, ஈறும் ரேகையும் கறுத்தது அதனால்தான் என்றார்கள். உத்தரவு இனி மாத்திரையாகத்தான் போக வேண்டும், தினமும், ஆயுசு முழுவதும். போட்டால் உப்பு வாரலாம், பிள்ளை தூக்கலாம், கிழவியாகலாம் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் அவள் தன் காலால் நடந்து வீட்டுக்குள் போனாள். வைரவநாதன் தெருமுனையில் நின்று பார்த்தார். அழுகை வந்தது. அது உதடு வரை இறங்கிக் கரித்தது.

மறுநாள் ஏழரை மணிக்கு அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன். பத்துப் பேர்ல ஒருத்தர்கிட்டயும் கேக்கல."

"தெரியும்."

"எப்படி?"

"பத்துப் பேரும் ஒரே பதில் சொன்னதாச் சொன்னீங்க. அளக்கரையில பத்துப் பேரு ஒரே பதில் சொன்ன விஷயம் எது அண்ணாச்சி?"

"தெரிஞ்சும் ஏன்மா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "உத்தரவு வராட்டி என்ன ஆகும்னு வியாழக்கிழமையே கேட்டேன். நாளைக்குன்னீங்க. அந்த ஒரு நாள்ல அவ போயிருந்தா?"

குரு மேஜை மேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"பன்னெண்டு நாளா நானும் அதைத்தான் நெனச்சிட்டு இருக்கேன்" என்றார். "அந்தச் சட்டம் தப்பு. இனிமே இல்ல. எத்தனை கேள்வி வேணும்னாலும் கேளுங்க."

குரு இப்படிச் சொல்வார் என்று சிஷ்யர் எதிர்பார்க்கவில்லை. கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அவ ஆறு மாசமா உப்பு உப்புன்னு அலைஞ்சாளே?"

"உடம்பு கேட்டுச்சு. நாக்கு கேக்குதுன்னு நீங்க நெனச்சுட்டீங்க."

"மூணு நாளு எம் பேச்சைக் கேட்டுச் சாகக் கிடந்தா. இனிமே நான் நாடி பிடிக்கல. காலையிலேயே வாசல்ல இருந்த வைத்தியசாலைப் பலகையைக் கழத்தி உள்ள வச்சுட்டேன். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதையும் கேட்டுட்டுப் போயிருதேன்."

"கேளுங்க."

"உடம்புக்கு உப்பு மிச்சம், அது புரியுது. ஆனா வாய்க்கு என்ன லாபம்? எச்சில் கரிக்காம இருக்கிறதுல வாய்க்கு என்ன கெடைக்குது?"

குரு எழுந்து போய் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினார். இன்னொன்றில் ஒரு கை அள்ளிப் போட்டார். சிட்டிகை போட்டதை நீட்டினார்.

வைரவநாதன் பழக்கத்தில் அண்ணாந்தார்.

"வாய் வச்சுக் குடிங்க. நாக்குல நிக்கணும்."

அவர் டம்ளரைப் பார்த்தார். பூமயில் உதட்டில் வைத்த டம்ளர் ஞாபகம் வந்தது. உதட்டில் வைத்து ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"லேசாக் கரிக்குது."

"இப்போ இது. முழுங்கிராதீங்க. நான் சொல்லுத வரைக்கும் வாயிலயே வச்சிருங்க."

இரண்டாவது டம்ளர் கடலைவிடக் கரித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. குரு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்ததும், தொட்டியில் துப்பச் சொன்னார். உடனே முதல் டம்ளரைத் திரும்ப நீட்டினார்.

வைரவநாதன் ஒரு வாய் குடித்தார். நாக்கில் உருட்டிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"இது பச்சைத் தண்ணி. டம்ளரை மாத்திட்டீங்க."

"மாத்தல."

"வெறும் தண்ணிம்மா இது."

"அதே டம்ளர்தான் அண்ணாச்சி. நீங்க வாய் வச்ச எடம்கூட விளிம்புல இருக்கு, பாருங்க. வாய் மொதல்லயே கரிச்சுக் கிடந்தா, வெளிய இருந்து வாரது தெரியாது."

அவர் விளிம்பைப் பார்த்தார். ஈரம் இருந்தது. டம்ளரை மேஜையில் வைத்தார். வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

அந்த விளிம்பை விரலால் தடவினார். பிறகு மெதுவாக, "அன்னைக்கு அவ 'வாயெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு'ன்னு சொல்ல வந்தா. நான் மூணு தலைமுறையையும் வாய் நெறைய வச்சுக்கிட்டு..." என்று தொடங்கினார்.

குரு கதவைத் திறந்து நடையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க அண்ணாச்சி. மொதல் டோக்கன் வந்தாச்சு. நீங்கதான் கேக்கப் போறீங்க."